எதற்காக விலகி நிற்க வேண்டும்?

எண்ணங்களிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் பயிற்சிகள், அதாவது மனசு சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எண்ணமாகப் பார்க்கப் பழகுவது, இப்போது எங்கே பார்த்தாலும் கிடைக்கின்றன. குட்டி வீடியோவில் சொல்லித் தருகிறார்கள், ஆப்பில் வருகிறது, அலுவலகத்தில் மனநல வாரம் என்று எல்லோரையும் உட்கார வைத்தும் சொல்கிறார்கள். பயிற்சிகள் நல்லவைதான், நானும் செய்கிறேன். ஆனால் எதற்காக விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் செய்தால், வலியைத் துரத்துவதற்கு நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் நூறு முயற்சிகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பதுதான் என் கட்சி.

நான் இதற்குள் வந்த வழி குழந்தையின்மை. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, ஊசி, ஸ்கேன், ஐவிஎஃப் என்று சில சுற்றுகள் பார்த்தாயிற்று, இதுவரை எதுவும் தங்கவில்லை. ஊசி வலியைவிட எனக்குப் பெரிதாக இருந்தது வீட்டு விசேஷங்கள். கல்யாண மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது "என்னம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பார்கள், அதற்குச் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். காதுகுத்து, பெயர் வைக்கிறது, வளைகாப்பு என்று ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் மொய்க்கவரை மட்டும் கணவர் கையில் கொடுத்தனுப்பும் நிலைக்கு வந்திருந்தது. இப்படி ஒதுங்கியிருக்கும் பெண்கள் நம் ஊரில் நிறைய பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்த நிலையில்தான் ஒரு மனநல தெரபிஸ்ட்டிடம் போனேன். நான் எதுக்கும் லாயக்கில்லை என்று எனக்குள் ஓடும் எண்ணங்களைச் சொன்னதும், ஆரம்பத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்குக் காலையில எந்திரிக்கும்போது இந்த எண்ணம் எதுவுமே இல்லன்னு வெச்சுக்குங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?" தங்கச்சி வீட்டுக்குப் போவேன் என்றேன், யோசிக்காமலே வந்த பதில். "சரி, அந்த எண்ணம் இருக்கும்போதே தங்கச்சி வீட்டுக்குப் போக என்ன வேணும்னு பாப்போம்" என்றார். எண்ணத்தைப் போக்குவது பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு ஆக்ட் என்று பெயர், அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி என்பதன் சுருக்கம். உள்ளே வருவதை ஏற்றுக்கொண்டு, நமக்கு முக்கியமானதை நோக்கி நடப்பது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் தொடங்கி வளர்த்தது. ஹேஸுக்கே கடுமையான பேனிக் அட்டாக் இருந்தது, 1978இல் அவருடைய துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேச்சு வராமல் போனதைப் பற்றி அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்தச் சிகிச்சையின் முதல் வடிவம் பெரும்பாலும் எண்ணத்திலிருந்து விலகுவது பற்றியதாகத்தான் இருந்தது, அதன் பெயரிலேயே விலகல் என்ற வார்த்தை இருந்தது. எது முக்கியம், எந்தத் திசையில் வாழ வேண்டும் என்ற பகுதி, அதாவது தெரபிஸ்ட்கள் வேல்யூஸ் என்று சொல்லும் விழுமியங்கள், பிறகுதான் அதற்குள் வந்து சேர்ந்தது. 1999இல் ஹேஸ், கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் மூவரும் இதை ஒரு முழுப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது விழுமியங்களுக்கு நடு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு இந்த வரலாறு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் உருவாக்கியவர்களுக்கே விலகுவது மட்டும் போதவில்லை. இன்று ரீல்ஸில் நமக்கு வருவது திரும்பவும் அந்த முதல் பாதி மட்டும்தான்.

சரி, பயிற்சிகளுக்கு வருகிறேன். எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவது மிக எளிமையானது. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று மனசு சொன்னால், அதன் வாலில் "என்று ஒரு எண்ணம் எனக்கு வருகிறது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் இன்னொரு படி, "என்று ஒரு எண்ணம் வருவதை நான் கவனிக்கிறேன்". எழுதிப் பார்த்தால் ஏதோ இலக்கணப் பயிற்சி மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வாக்கியம் வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது வரைக்கும் தீர்ப்பாக இருந்தது, வந்து போகும் ஒரு நிகழ்ச்சியாகத் தெரியும். அது உண்மையா பொய்யா என்று வாதாட வேண்டியதில்லை, அதுதான் எனக்குப் பெரிய விடுதலை. அதற்கு முன்னால் நான் எப்போதும் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன், "இல்லை, நான் நல்லாத்தான் வேலை பார்க்கிறேன், நல்லாத்தான் சமைக்கிறேன்" என்று என் பக்கத்துச் சாட்சிகளை எல்லாம் அடுக்குவேன், மனசு அதைவிட நீளமான பட்டியலோடு திரும்பி வரும்.

இரண்டாவது, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வேகமாகச் சொல்வது. இது ஆக்ட் கண்டுபிடித்ததல்ல. ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதன் பொருள் கழன்று சத்தம் மட்டும் மிஞ்சும் என்பதை எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். முதலில் பால் என்ற சொல்லை வைத்துச் செய்ய வைப்பார்கள். பால் என்றதும் வெள்ளை நிறம், சூடு, ஏடு, வாசனை எல்லாம் வருகிறதா? இப்போது பால் பால் பால் பால் என்று அரை நிமிடம், முக்கால் நிமிடம் சத்தமாகச் சொல்லுங்கள். நாக்கும் உதடும் ஏதோ செய்துகொண்டிருக்கும், பாலைக் காணோம். அதற்குப் பிறகு நம்மைக் குத்தும் சொல்லை எடுக்க வேண்டும். 2004இல் அகிஹிகோ மசூடாவும் ஹேஸும் மற்றவர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்து பார்த்தார்கள். தங்களைப் பற்றிய கெட்ட எண்ணத்தை ஒரே சொல்லாகச் சுருக்கி இப்படிச் சொன்னவர்களுக்கு, அந்த எண்ணம் தரும் வேதனை குறைந்தது, அதை நம்பும் அளவும் குறைந்தது.

என் சொல் மலடி.

இதை எழுதவே கை தயங்குகிறது. யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆனால் சின்ன வயதில் தெருச்சண்டைகளில் கேட்டிருக்கிறேன், பாட்டி யாரையோ பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அப்படியே எனக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தெரபிஸ்ட்டின் அறையில் அதைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தபோது முதல் சில தடவை ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது, அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை, கூடவே அவரும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ம, ல, டி என்று மூன்று சத்தங்கள். எந்தக் கிழவியின் குரலும் அதில் இல்லை. அந்தச் சொல் இன்றைக்கும் வருகிறது, வராமல் போய்விடவில்லை, ஆனால் அது சொன்னதால் நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்திருக்கிறது. ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு கனமான சொல்லைத் தனியாக வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள். சின்னச் சொற்களில் ஆரம்பியுங்கள், தண்டம், மக்கு இந்த மாதிரி. பெரியதை யாராவது தெரிந்தவர் துணையோடு எடுங்கள்.

எண்ணங்களை இலையில் வைத்து ஓடையில் விடுவதாகக் கற்பனை செய்யும் பயிற்சியும் பிரபலம். எனக்கு அது ஒத்துவரவில்லை. பத்துப் பயிற்சியும் செய்ய வேண்டியதில்லை, ஒன்றிரண்டு பிடித்தால் போதும்.

இப்போது நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். எந்தப் பயிற்சி செய்தாலும் முடித்த கையோடு மனசு உள்ளே எட்டிப் பார்த்து "குறைஞ்சுதா?" என்று கேட்கும். அது இயல்பு. குறைந்திருந்தால் சந்தோஷம், அடுத்த முறையும் குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வரும், ஒரு நாள் குறையாது, அன்றைக்கு "இதுவும் எனக்கு வேலை செய்யல" என்ற புது எண்ணம் ஒன்று சேர்ந்துகொள்ளும். பயிற்சியே மாத்திரை ஆகிவிட்டால் இதுதான் நடக்கும். எனக்குத் தெரிந்த பல பேர் "ட்ரை பண்ணேன், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு" என்று சொல்வதன் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் தெரபிஸ்ட் இதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார். பயிற்சி முடிந்ததும் குறைந்ததா என்று ஒருபோதும் கேட்க மாட்டார். "இப்ப இத வெச்சுக்கிட்டே தங்கச்சிக்கு ஒரு போன் பண்ண முடியுமா?" என்றுதான் கேட்பார்.

விழுமியங்களுக்கான பயிற்சிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆக்டில் வழக்கமாகக் கேட்பது, உங்கள் எண்பதாவது பிறந்தநாளைக் கற்பனை செய்யுங்கள், உங்களை நேசித்தவர்கள் எழுந்து உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள்? நல்ல கேள்விதான். ஆனால் நம் வீடுகளில் எண்பது என்றால் சதாபிஷேகம், சதாபிஷேகம் என்றால் பிள்ளைகள் எடுத்து நடத்துவது, பேரன் பேத்திகள் சுற்றி நிற்கும் போட்டோ. கண்ணை மூடியதும் எனக்கு வந்தது காலி நாற்காலிகள். கண்ணைத் திறந்து, இந்தப் பயிற்சி என்னை மாதிரி ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் அவசரப்படவில்லை. "காலி நாற்காலின்னு ஒரு படம் வருது, அப்படித்தானே?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் செய்தது விலகல் பயிற்சி. வாழ்க்கை காலி என்ற தீர்ப்பை, காலி என்று ஒரு படம் வருகிறது என்று மாற்றி வைத்தார். திரும்பவும் கண்ணை மூடினேன். படம் போகவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கச்சி வந்தாள். மாடி வீட்டுப் பையன், என்னிடம் கணக்குக் கற்றுக்கொண்டவன், வளர்ந்த ஆளாக வந்தான். கணவர் காது கேட்காமல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் பேசியதில் எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது, "அக்காகிட்ட எத வேணும்னாலும் சொல்லலாம், இருந்து கேப்பா" என்பது. என் விழுமியம் என்று நான் முதன்முதலில் எழுதி வைத்தது அதைத்தான். இருந்து கேட்பது. அந்தக் காலி நாற்காலிப் படத்திலிருந்து ஓரடி விலகாமல் என்னால் அதைப் பார்த்திருக்கவே முடியாது. விலகுவதற்கு விழுமியம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் பாதிதான், விழுமியத்தைக் கண்டுபிடிக்கவே பலருக்கு முதலில் கொஞ்சம் விலக வேண்டியிருக்கிறது.

இலக்கு வேறு, விழுமியம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை பெறுவது இலக்கு, நடக்கலாம், நடக்காமல் போகலாம், என் கையில் முழுசாக இல்லை. பேணி வளர்ப்பது, பக்கத்தில் இருப்பது என்பது திசை, அதில் இன்றைக்கே ஓரடி வைக்கலாம், முடிந்துபோய்விடும் என்ற பேச்சே கிடையாது. ஆக்ட் முறையில் குழந்தையின்மை வேதனையைக் கையாள்வது பற்றி 2011இல் பிரென்னன் பீட்டர்சனும் கியார்க் ஐஃபெர்ட்டும் ஒரு தம்பதியின் சிகிச்சையை விரிவாக எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கான சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க வாழ்க்கையை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இந்த வேதனையில் பெரும்பங்கு என்பதை நான் என் உடம்பிலேயே கண்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் "அப்ப குழந்தை ஆசைய விட்டுடு", "தத்து எடுத்துக்க வேண்டியதுதானே" என்று கிளம்ப வேண்டாம். என் ஆசை அப்படியே இருக்கிறது. அது இருக்கும்போதே மற்ற திசைகளில் நடக்கலாம் என்பதுதான் விஷயம். துக்கத்தில் இருப்பவரிடம் விழுமியத்தைக் காட்டி வாயடைப்பது கொடுமை.

அப்புறம், எழுதி வைத்த விழுமியம் நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது விழுமியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். நான் எழுதிய பட்டியலில் "நல்ல மருமகள்" என்று ஒன்று இருந்தது. "இத நீங்க செய்யறது யாருக்குமே தெரியாது, யாரும் பாராட்ட மாட்டாங்க, அப்பவும் செய்வீங்களா?" என்று தெரபிஸ்ட் கேட்டார். மாமியாருக்குக் கால் வலி வரும்போது தைலம் தேய்ப்பதைச் செய்வேன், அது எனக்குப் பிடிக்கும். ஆடி வெள்ளிக்குப் பத்துப் பேருக்குச் சமைத்துப் பெயர் வாங்குவதை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

தங்கச்சியின் வளைகாப்பு வந்தது. இந்த இடத்தில் ஆக்டில் எல்லோரும் சொல்லும் பஸ் உவமை எனக்கு ரொம்ப உதவியது. நீங்கள்தான் டிரைவர், எண்ணங்கள் பயணிகள், சில பேர் முன்னால் வந்து நின்று கத்துவார்கள், இடது பக்கம் திருப்பு, இல்லாவிட்டால் பார் என்பார்கள். இறக்கிவிட முயன்றால் பஸ்ஸை நிறுத்த வேண்டும், சண்டை போட்டாலும் நிறுத்த வேண்டும். கத்தட்டும், பஸ் போக வேண்டிய ஊருக்குப் போகட்டும். மண்டபத்து வாசலிலேயே என் பயணிகள் எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள். "எல்லாரும் உன்னத்தான் பாக்குறாங்க", "உன் கை பட்டா ஆகாது", "இப்பவே தலைவலின்னு கிளம்பிடு". நான் மனசுக்குள் ஒவ்வொன்றின் வாலிலும் என்று ஒரு எண்ணம், என்று ஒரு எண்ணம் என்று சேர்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். பெரியம்மா ஒருத்தர் "பக்கத்துல உக்காரு, உனக்கும் வளையல் போடறோம், அடுத்த வருஷம் உனக்குத்தான்" என்றார், அன்பாகத்தான் சொன்னார், நெஞ்சு அடைத்தது. தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்து "அக்கா, முதுகு ரொம்ப வலிக்குதுக்கா, பயமா இருக்கு" என்று காதோரம் சொன்னாள். இருந்து கேட்டேன். அந்தக் கூட்டத்தில் அவள் பயத்தைச் சொன்னது என்னிடம் மட்டும்தான். அன்றைக்கு எண்ணங்கள் குறைந்தனவா என்று கேட்டால், இல்லை, வீட்டில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தன.

எண்ணம் குறையாமலே வாழ்க்கை மாறலாம் என்பதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். பட்ரீஷியா பாக்கும் ஹேஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்பது, பிறர் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது போன்ற தீவிரப் பிரச்சினைகளோடு மருத்துவமனையில் சேர்ந்த 80 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 4 அமர்வு ஆக்ட் கொடுத்தார்கள். அடுத்த 4 மாதத்தில் அவர்கள் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தது மற்றவர்களில் பாதி அளவுதான். ஆனால் குரல் கேட்கிறது என்று சொன்னவர்கள் ஆக்ட் எடுத்துக்கொண்டவர்களில்தான் அதிகம். கேட்கிறது, ஆனால் அது சொல்வதை முன்போல நம்பவில்லை.

இதெல்லாம் வசதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கான சமாச்சாரம் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு தகவல். உகாண்டாவில் அகதிகளாக இருந்த தெற்கு சூடான் பெண்கள் 694 பேரை வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்ட் அடிப்படையிலான ஒரு திட்டத்தை ஆராய்ந்தார்கள். பதிவு செய்த ஒலியும் ஒரு படப் புத்தகமும், குழுவாக உட்கார்ந்து, 2 மணி நேரம் வீதம் 5 அமர்வுகள். மன வேதனை குறைந்ததாக 2020இல் முடிவுகள் வந்தன. எண்ணம் என்ற கொக்கியில் மாட்டிக்கொண்டதைக் கவனிப்பது, அதிலிருந்து கழற்றிக்கொள்வது, விழுமியப்படி ஒரு சின்னக் காரியம் செய்வது, இந்த மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன, தனித்தனியாக இல்லை. அந்தப் படப் புத்தகம் பல மொழிகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லா எண்ணத்திலிருந்தும் விலகக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு "இங்க எனக்குப் பாதுகாப்பு இல்ல" என்று தோன்றினால் அது அவளுக்கு உதவும் எண்ணம், அதைக் கேட்டு நடக்க வேண்டும், வாலில் எதுவும் சேர்க்கக் கூடாது. குழந்தை இல்லை என்று ஏச்சுப் பேச்சு வாங்குபவரிடம் பயிற்சி செய்து பொறுத்துக்கொள் என்று சொல்வது சிகிச்சையே இல்லை. ஒரு எண்ணத்தைக் கேட்டு நடந்தால் எனக்கு முக்கியமான இடத்துக்குப் பக்கத்தில் போவேனா, தள்ளிப் போவேனா என்று பார்த்தால் எதைக் கேட்பது, எதை விடுவது என்று ஓரளவு தெரிந்துவிடும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் பயிற்சியை நம்பி உட்காராமல் உடனே ஒருவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், இலவசம்.

இப்போது நானும் கணவரும் சேர்ந்து செய்யும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டோபியாஸ் லுண்ட்கிரென் என்ற ஸ்வீடன் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பயிற்சி, ஒரு குறிபார்க்கும் வட்டப் பலகையை நாலாகப் பிரித்து வேலை, உறவு, உடல்நலமும் வளர்ச்சியும், ஓய்வு என்று எழுதி, நமக்கு முக்கியமானபடி சமீபத்தில் வாழ்ந்திருந்தால் நடுவுக்குப் பக்கத்திலும் இல்லாவிட்டால் ஓரத்திலும் புள்ளி வைக்க வேண்டும். தனித்தனியாக வரைந்துவிட்டு மாற்றிப் பார்த்துக்கொண்டோம். என்னுடையதில் உறவுப் புள்ளி உள்ளே நகர்ந்திருந்தது. அவருடையதில் ஓய்வுப் பகுதியில் புள்ளி பலகைக்கு வெளியேயே இருந்தது. சிகிச்சைக்குப் பணம் சேர்க்க இரட்டை வேலை பார்க்கிறார் என்று தெரியும், ஆனால் கேரம் விளையாடப் போவதையே நிறுத்திவிட்டார் என்பது எனக்கு உறைத்திருக்கவில்லை. அடுத்த சுற்று போவதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் இனி கேரம் கிளப்புக்கு என்று பேசி வைத்திருக்கிறோம், அந்த நேரத்தில் நான் தங்கச்சி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் கொஞ்சம் தூங்கட்டும்.